ரெண்டு கட்டை தூரம்

1

என் அப்பாவின் கணக்குப்படி, நான் இருக்கும் மலேசியாவிலிருந்து அவர் இருக்கும் திருச்சிக்கு விமானத்தில் ஒன்றரை மணி நேரம். அதே திருச்சியிலிருந்து மலேசியாவுக்கு ஆறரை மணி நேரம்.

சிரிக்காதீர்கள். கடிகாரத்தைப் பார்த்தால் அவர் சொல்வதில் தப்பே இல்லை. கோலாலம்பூரில் காலை ஒன்பது மணிக்கு ஏறினால், திருச்சியில் இறங்கும்போது அங்கே பத்தரைதான் ஆகியிருக்கும். திருச்சியில் பதினொன்றரைக்கு ஏறினால், இங்கே வந்து இறங்கும்போது சாயங்காலம் ஆறு. பறக்கிற நேரம் என்னவோ இரண்டு பக்கமும் நாலு மணிதான். நடுவில் இருக்கிற இரண்டரை மணி நேர வித்தியாசத்தை, ஊருக்குப் போகும்போது கடிகாரம் நம் கையில் கொடுத்துவிட்டு, திரும்பி வரும்போது பிடுங்கிக்கொள்கிறது.

அப்பா துவரங்குறிச்சிக்காரர். அரசுப் பேருந்தில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். எந்த வண்டி எந்த ஊரை எத்தனை மணிக்குத் தாண்டும் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வார். அவருக்கு இந்த வித்தியாசம் புரியாமல் இருக்குமா? எல்லாம் புரியும். ஆனாலும் கல்யாணமாகி முதல் தடவை நான் இரண்டு வயதுக் குழந்தையோடு திருச்சியில் வந்து இறங்கிய அன்று, டிக்கெட்டை வாங்கி முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தவர் சொன்னார்:

"நீ வந்தா ஒன்றரை மணி. நான் வந்தா ஆறரை மணி. யாரு வர்றது லாபம்? நீயே வா ஆத்தா."

அன்றைக்கு எல்லோரும் சிரித்தோம். பிறகு நான் எப்போது "ஒரு தடவை வந்துட்டுப் போங்கப்பா" என்று கெஞ்சினாலும் அதே பதில்தான் வந்தது. அம்மா எனக்குப் பத்து வயதாக இருக்கும்போதே போய்விட்டாள். திருப்பூரில் இருக்கும் தம்பிக்கு லீவு கிடைக்காது. இருபது வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது; பிறந்த வீட்டிலிருந்து ஒருத்தர்கூட என் வீட்டு வாசற்படி ஏறியதில்லை. என் அடுப்பு எந்தப் பக்கம் பார்த்திருக்கிறது, துணி எங்கே காய்கிறது, எந்த ஜன்னலில் வெயில் விழுகிறது, எதுவும் அவர்கள் யாருக்கும் தெரியாது.

ஊரிலிருந்து இதைப் படிக்கிற உங்களுக்கு அது சின்ன விஷயமாகத் தோன்றலாம். எனக்கு அப்படி இல்லை. பக்கத்து வீடுகளில் பெண்ணைப் பெற்றவர்கள் வந்து பலகாரப் பையோடு இறங்கும்போதெல்லாம் நான் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே போய்விடுவேன்.

2

நான் வாக்கப்பட்டு வந்தது மலாக்கா மாநிலத்தில், மெர்லிமாவுக்குப் பக்கம். என் வீட்டுக்காரர் பெயர் அர்ஜுனன். அவருடைய தாத்தா எங்கள் பக்கத்திலிருந்து ரப்பர் தோட்டத்துக்கு மரம் சீவ வந்தவராம். மூன்று தலைமுறை கழித்துப் பெண் தேட எங்கள் பக்கமே வந்தார்கள். இப்போது ரப்பர் எல்லாம் போய், எங்கே பார்த்தாலும் பாமாயில் எடுக்கிற செம்பனைதான். இவர் செம்பனைக் குலை ஏற்றுகிற லாரி ஓட்டுகிறார்.

வந்த மறுநாள், பக்கத்து வீட்டு லெட்சுமி அக்கா என்னைப் பார்க்க வந்தார். கன்னத்தைத் தடவிவிட்டு முதல் கேள்வியாக, "ஏர்போட்லருந்து ஒங்க ஊரு எத்தன கட்டைம்மா?" என்றார்.

எனக்குக் கட்டை என்ற சொல் மட்டும்தான் காதில் விழுந்தது. "எங்க வீட்ல கேஸ் அடுப்புதாங்க்கா. கட்டையெல்லாம் வைக்கிறதில்ல" என்றேன்.

லெட்சுமி அக்கா இன்றுவரை அந்தக் கதையைச் சொல்லாத விசேஷ வீடு கிடையாது.

இங்கே கட்டை என்றால் மைல். சாலையோரத்து மைல்கல்லைத்தான் அப்படிச் சொல்லியிருக்கிறார்கள். கல் எப்படிக் கட்டை ஆயிற்று என்று கேட்டால் யாருக்கும் தெரியவில்லை. பலகையெல்லாம் கிலோமீட்டருக்கு மாறி எத்தனையோ காலம் ஆகிவிட்டது, ஆனால் தோட்டத்துக்காரர்கள் வாயில் இன்னும் கட்டைதான். மூணாங் கட்டை, எட்டாங் கட்டை என்று ஊருக்கே பெயர் வைத்துவிட்டார்கள்.

என்னைப் பார்த்துச் சிரித்ததோடு போயிருந்தால் பரவாயில்லை. அந்த வாரம் அர்ஜுனன் அப்பாவிடம் தொலைபேசியில் மரியாதையாகப் பேசினார். "நீங்க ஒண்ணும் கவலப்படாதீங்க மாமா. வூடு ஏழாங் கட்டையில இருக்கு. நல்ல எடம். கட்டைக்குப் பக்கத்துலயே பஸ் நிக்கும்."

அப்பா போனை என்னிடம் கொடுக்கச் சொன்னார்.

"ஆத்தா, ஏழாவது கட்டைங்கறார் மாப்ள. சுடுகாட்டுப் பக்கமா வீடு எடுத்திருக்காங்க?"

நம் ஊரில் கட்டை எங்கே வேகும் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. நான் விளக்கிச் சொன்னேன். அவர் சிரித்தார். ஆனால் அந்தச் சிரிப்பு வருவதற்கு நேரம் பிடித்தது. கடல் தாண்டிப் பெண்ணைக் கொடுத்துவிட்டு, என்ன ஏது என்று பார்க்க முடியாமல் உட்கார்ந்திருந்த மனுஷன். அன்று ராத்திரி சாப்பிடவே இல்லை என்று தம்பி பிறகு சொன்னான்.

3

அதற்கப்புறம் அந்தச் சொல் எங்களுக்குள் விளையாட்டாகிவிட்டது. போனை எடுத்ததும் நலமா என்று அப்பா கேட்க மாட்டார்.

"இன்னைக்கு எத்தனை கட்டை ஆத்தா?"

நானும் வாய்க்கு வந்ததைச் சொல்வேன். "நூத்தியெட்டுப்பா." "ஆயிரம் கட்டைப்பா, நெத்திலி சம்பல் வச்சிருக்கேன், வாசனை அங்க வராது." "முப்பது கட்டைப்பா, துணி காயப்போடணும், சீக்கிரம் பேசுங்க." அவரும் கண்டக்டர் பாணியில், "சில்லறையா குடு" என்பார்.

எல்லா நாளும் இப்படிப் பேச முடிகிறதா? மகள் லோஷினி பிறந்தபோது, தாய்வீட்டு ஆள் யாரும் இல்லாமல் ஆஸ்பத்திரியில் தனியாகப் படுத்திருந்தேன். தோட்டத்துச் சாலையில் லாரி கவிழ்ந்து அர்ஜுனன் கால் உடைந்து கிடந்த மாதங்கள் இருந்தன. அந்த மாதிரி நாட்களில் அவர் கேட்டால், "ரெண்டு கட்டைதான்ப்பா, பக்கந்தான்" என்று சொல்லிவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விடுவேன். தூரம் என்று சொன்னால் கிழவர் பதறிப்போவார் என்று நினைப்பு.

விசா விஷயத்திலும் அப்படித்தான். வெளிநாட்டுப் பெண்டாட்டி என்றால் வருடா வருடம் குடிநுழைவு அலுவலகத்தில், அதாவது இமிகிரேஷனில், போய் நின்று முத்திரை வாங்க வேண்டும். முதல் வருடம் எனக்கு மலாயில் ஒன்றிரண்டு சொல்தான் தெரியும். முகப்பில் இருந்த அம்மையார் நல்ல மாதிரிதான். பாஸ்போர்ட்டைப் புரட்டிவிட்டு, "சுவாமி மானா?" என்று கேட்டார்.

மானா என்றால் எங்கே என்று அதற்குள் தெரிந்திருந்தது. சுவாமி எங்கே என்று இவர் ஏன் நம்மிடம் கேட்கிறார்? கும்பிடுகிற சாமியைப் பற்றி ஏதோ விண்ணப்பத்தில் எழுத வேண்டும்போல என்று நினைத்துக்கொண்டு, பணிவாகக் கையை மேலே காட்டினேன்.

அம்மையார் முகம் வாடிவிட்டது. எழுந்து வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு ஏதோ ஆறுதலாகச் சொன்னார். அதற்குள் கீழே கார் நிறுத்திவிட்டு அர்ஜுனன் மூச்சிரைக்க ஓடிவந்து பக்கத்தில் நின்றார். மலாயில் சுவாமி என்றால் புருஷன். நான் உயிரோடு இருக்கிற மனுஷனை மேலே அனுப்பிவிட்டிருந்தேன்.

இப்போது நிரந்தரமாகத் தங்கிக்கொள்ளச் சிவப்பு அடையாள அட்டை கிடைத்துவிட்டது. வருடா வருடம் நிற்க வேண்டாம். ஆனால் அது கிடைக்கும்வரை ஒவ்வொரு வருடமும், இவர்கள் வேண்டாம் என்று சொல்லிவிட்டால் பிள்ளையை விட்டுவிட்டு எங்கே போவது என்று பாஸ்போர்ட்டை எடுத்து எடுத்துப் பார்ப்பேன். அந்த வாரங்களில் எல்லாம் அப்பாவுக்கு ரெண்டு கட்டைதான்.

4

என் நாள் விடியுமுன்பே தொடங்கிவிடும். இங்கே ஒரு தமிழ்ப்பள்ளிச் சிற்றுண்டிச்சாலையில் சமைக்கிறேன். கேன்டீன் என்று சொன்னால் பிள்ளைகளே திருத்துவார்கள். மீ கோரெங், பீஹூன் என்று நூடுல்ஸ் வகையும் இட்லியும் ஒரே அடுப்பங்கரையில் வேகும். பத்து மணிக்குள் பிள்ளைகள் பசியாறிவிட வேண்டும். சாப்பிட்டாயா என்று இங்கே யாரும் கேட்பதில்லை, பசியாறிட்டீங்களா என்றுதான் கேட்பார்கள். கேட்கும்போதே பாதி வயிறு நிறைந்துவிடும்.

அந்தப் பழக்கத்தில் ஊருக்குப் போனால் மாட்டிக்கொள்கிறேன். திருச்சி மத்தியப் பேருந்து நிலையத்தில், ஒரு ஹோட்டலில், "தம்பி, நாலு இட்லி பூங்குஸ்" என்றேன். பார்சல் என்று சொல்ல வேண்டியதை நாக்கு மலாயில் சொல்லிவிட்டது. அவன் உள்ளே திரும்பி, "அண்ணே, பூங்குஸ் இருக்கா?" என்று சத்தம் போட்டான். உள்ளேயிருந்து தீர்ந்துபோச்சு என்று பதில் வந்தது. நான் பட்டினியாகப் பஸ் ஏறினேன்.

இங்கே வந்தால் "ஊர்க்காரம்மா" என்கிறார்கள். ஊருக்குப் போனால் "மலேசியாக்காரம்மா" என்கிறார்கள். எனக்கு இரண்டு பக்கத்துக்காரர்கள் மேலும் கோபம் வரும், அது வேறு கதை.

மகள் லோஷினிக்கு இந்தச் சிக்கல் எதுவும் இல்லை. அவளுக்கு ஒரே ஊர்தான். என் ஊரைப் பற்றிப் பேசும்போது 'உங்க ஊரு' என்பாள், ஒரு நாளும் 'நம்ம ஊரு' என்று வந்ததில்லை. படித்து முடித்துக் கோலாலம்பூரில் வேலை பார்க்கிறாள். மெர்லிமாவுக்கு வர இரண்டு மணி நேரம்தான். "டூ ஹவர்ஸ்தான் ம்மா, எப்ப வேணும்னாலும் வரலாம் லா" என்பாள், இங்கத்துப் பேச்சில் வால் மாதிரி ஒட்டும் அந்த லாவோடு. எப்ப வேண்டுமானாலும் வரலாம் என்பதாலேயே வருவதில்லை. வருகிற அன்று வாசலில் கார் நிற்கும்போதே எனக்கு ஜுரம் விட்ட மாதிரி இருக்கும், அதை அவளிடம் சொல்ல மாட்டேன்.

5

போன வருடம் அப்படி ஒரு நாள் வந்திருந்தாள். நான் அப்பாவோடு வீடியோவில் பேசிக்கொண்டிருந்தேன். வழக்கம்போலக் கெஞ்சினேன். வழக்கம்போல அவர் ஒன்றரை, ஆறரை என்றார். சோபாவில் படுத்திருந்த லோஷினி எழுந்து வந்து போனுக்குள் தலையை நீட்டினாள்.

"தாத்தா, ஆறரை இல்ல தாத்தா. நாந்தான் செக் பண்ணேன். திருச்சி டு கே.எல். ரெண்டாயிரத்து எழுநூறு கிலோமீட்டர்கூட இல்ல. ஃபோர் ஹவர்ஸ்தான். போத் வே சேம் லா."

"அப்படியா?" என்றார் அப்பா.

"ஆமா தாத்தா. டைம் ஸோன் டிஃபரென்ட், அதான் க்ளாக் அப்படிக் காட்டுது. நீங்க இவ்ளோ நாளா தப்பா நெனச்சிட்டீங்க."

எனக்குச் சுள்ளென்று வந்தது. பேரப்பிள்ளை சொல்லித்தான் அவருக்குத் தெரிய வேண்டுமா? தெரிந்தும் தெரியாத மாதிரி நாங்கள் இரண்டு பேரும் இத்தனை வருடம் பிடித்துக்கொண்டிருந்த கயிறு அது. அதை ஒரே இழுப்பில் அறுத்துவிட்டாள். போனை வைத்ததும் அவளை ஏசினேன்.

"நான் என்னா தப்பா சொன்னேன்?" என்றாள் அவள். "உண்மையத்தானே சொன்னேன். நீங்க ரெண்டு பேரும் ஏன் இப்படி டிராமா போடுறீங்க? வேணும்னா வரச் சொல்லுங்க, டிக்கெட் நான் போடுறேன்."

இரண்டு வாரம் அப்பாவிடமிருந்து அழைப்பு வரவில்லை. கோபித்துக்கொண்டார் என்றே முடிவு கட்டிவிட்டேன். பிறகு ஒரு சாயங்காலம் போன் வந்தது. எத்தனை கட்டை என்று கேட்கவில்லை.

"நாலு மணிதானாமே ஆத்தா. துவரங்குறிச்சியிலருந்து ராமேஸ்வரம் போறதுக்கே அவ்ளோ ஆவும். பாஸ்போட்டுக்குச் சொல்லியிருக்கேன்."

நான் அடுப்பை அணைத்துவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதேன்.

6

பாஸ்போர்ட் வந்தது. மலேசியாவுக்கு வருவதற்கு முன்னால் இணையத்தில் ஒரு வருகை அட்டை நிரப்ப வேண்டும். லோஷினி வீடியோவில் தாத்தாவைக் கேட்டுக் கேட்டு நிரப்பினாள்.

"லாஸ்ட் நேம் என்னா தாத்தா?"

"கடைசிப் பேரா? எனக்கு முதல்லருந்து ஒரே பேருதான்டா கண்ணு."

"எங்க தங்குவீங்கன்னு கேக்குது."

"எம் பொண்ணு வீட்லன்னு போடு."

"அட்ரஸ் போடணும் தாத்தா."

"ஏழாங் கட்டைன்னு போடு."

அவர் வந்த அன்று நாங்கள் மூன்று பேரும் விமான நிலையத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றோம். திருச்சி விமானம் இறங்கிவிட்டது என்று பலகை காட்டியது. நம் ஊர் ஆட்கள் கயிறு கட்டிய அட்டைப்பெட்டிகளோடு வர ஆரம்பித்தார்கள். கூட்டமாக வந்தார்கள், பிறகு நாலைந்து பேராக, பிறகு ஒருத்தர் ஒருத்தராக. அதற்கப்புறம் ஆளே இல்லை. வேறு நாட்டு விமானத்து ஆட்கள் வரத் தொடங்கிவிட்டார்கள். குடிநுழைவில் நிறுத்திவிட்டார்களா, உள்ளே எங்கேயாவது விழுந்து கிடக்கிறாரா? அர்ஜுனன் விசாரிக்கப் போனார். லோஷினி என் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

அப்போது வந்தார். வெள்ளை வேட்டி, கக்கத்தில் மஞ்சள் பை. எந்த அவசரமும் இல்லாமல் நடந்து வந்தார்.

"என்னப்பா இவ்ளோ நேரம்?" என்று நான் கத்தியே விட்டேன்.

"எல்லாரும் இறங்கட்டும்னு இருந்தேன்" என்றார். "அப்பறம் ஒவ்வொரு சீட்டுக்கடியிலயும் யாரும் எதாச்சும் விட்டுட்டாங்களான்னு பாத்துட்டு வந்தேன். ஒருத்தி கண்ணாடியை விட்டுட்டுப் போயிட்டா. அதைக் குடுத்துட்டு வர நேரமாயிடுச்சு. வண்டி காலியான்னு பாக்காம எறங்கலாமா?"

காரில் முன் சீட்டில் உட்கார்ந்து, கதவைச் சாத்தி, வெளியே கையை நீட்டிக் கதவில் இரண்டு தட்டுத் தட்டினார். "போலாம் ரைட்." அர்ஜுனன் வண்டியை எடுத்தார்.

7

மூன்று வாரம் இருந்தார். கைக்கடிகாரத்தை மாற்ற மாட்டேன் என்றுவிட்டார். எங்களுக்குப் பத்தரை ஆகும்போது அவருக்குக் காலை எட்டு, அப்போதுதான் இட்லி.

நான் எதிர்பார்த்தது வேறு. மலாக்கா கோட்டை, ஆற்றுப் படகு, பாச்சாங் ஊரில் நாத்தனார் வீட்டு விருந்து என்று திட்டம் போட்டு வைத்திருந்தேன். கூப்பிட்ட இடத்துக்கெல்லாம் வந்தார், ஆனால் எதையும் பார்த்த மாதிரித் தெரியவில்லை. அவர் பார்த்ததெல்லாம் என் வீட்டைத்தான். குழாயைத் திறந்து, "நாள் பூரா வருதா?" என்றார். அரிசி டின்னைத் திறந்து கையை விட்டு அளைந்தார். கொல்லைக் கதவின் தாழ்ப்பாளை ஆட்டிப் பார்த்தார். அர்ஜுனனோடு லாரியில் ஏறி நாள் பூராவும் தோட்டம் தோட்டமாகச் சுற்றிவிட்டு வந்து, "மாப்ள யாரையும் கை நீட்டிப் பேசல" என்று என்னிடம் சொன்னார். பள்ளிக்கு ஒரு நாள் அழைத்துப் போனேன். பிள்ளைகள் மொத்தமாக எழுந்து நின்று, "வணக்கம் ஐயா" என்று இழுத்துச் சொன்னபோது அவருக்குக் கண் கலங்கிவிட்டது. "திருப்பூர்ல உன் தம்பி மக்க என்னைப் பாத்தா குட் மார்னிங்குதுங்க" என்றார்.

லெட்சுமி அக்காவையும் அவர் விடவில்லை. நான் உள்ளே காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். வேலிப் பக்கம் அவர் குரல் தாழ்வாகக் கேட்டது.

"எம் பொண்ணு இங்க எப்படிம்மா இருக்கு? மறைக்காம சொல்லணும்."

"ஐயா, ஒங்க மகளா?" என்று லெட்சுமி அக்கா சிரித்தார். "மொத ரெண்டு வருசம் அழுதுச்சு. நாந்தான் பாத்துக்கிட்டேன். இப்ப பாருங்க, தாமான்ல எல்லா வூட்லயும் அது சொல்றதுதான் லா. வாய் இருக்குல்ல."

அப்பா வேலியை விட்டுத் திரும்பினார்.

உள்ளே வந்து, சமையலறையில் ஸ்டூலை இழுத்துப் போட்டு என் எதிரே உட்கார்ந்தார்.

"மொத ரெண்டு வருசம் அழுதியாமே."

"எல்லாரும்தான்ப்பா அழுவாங்க."

"தெரியும். ரெண்டு கட்டைன்னு நீ சொல்ற அன்னைக்கெல்லாம் ஏதோ சரியில்லைன்னு தெரியும். நல்லா இருக்கிற அன்னைக்கு நூறும்ப, ஆயிரம்ப, கிண்டல் பண்ணுவ. ரெண்டுன்னா அன்னைக்கு எனக்குச் சோறு இறங்காது."

நான் கத்தியைக் கீழே வைத்துவிட்டேன். அவரைச் சமாதானப்படுத்துகிறோம் என்று நினைத்து நான் சொன்ன அத்தனை ரெண்டும் இவ்வளவு காலம் அவரைக் குத்திக்கொண்டிருந்திருக்கிறது.

"அப்ப ஏன்ப்பா வரல? ஒரு தடவையாச்சும் வந்திருக்கலாம்ல?"

அவர் தட்டில் இருந்த ஒரு வெண்டைக்காயை எடுத்து நுனியை ஒடித்தார்.

"வந்து பாத்து, நீ கஷ்டத்துல இருந்தீன்னா? உன்னை இங்க விட்டுட்டு நான் மட்டும் பஸ் ஏற முடியுமா? கூட்டிட்டு வரவும் முடியாது, பிள்ளை இருக்கு. பாக்காம இருந்தா, நல்லா இருக்கேன்னு நீ சொல்றதை நம்பிக்கிட்டாச்சும் இருக்கலாம். அதுக்குத்தான் அந்த ஒன்றரை, ஆறரை எல்லாம். நேரங் காலம் தெரியாதவனா நான்?"

"இப்ப பாத்துட்டீங்களே. எப்படி இருக்கேன்?"

"நல்லாத்தான் இருக்க" என்றார். சொன்ன குரலில் நிம்மதி இருந்தது, கூடவே ஏதோ பறிகொடுத்த மாதிரியும் இருந்தது. அது என்னவென்று அன்றைக்கு எனக்குப் பிடிபடவில்லை.

8

கிளம்புகிற அன்று விடியற்காலையில் அவர் அறையில் விளக்கு எரிந்தது. எட்டிப் பார்த்தால், முட்டி வலியோடு குனிந்து கட்டிலுக்கடியில் டார்ச் அடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். தலையணையைப் புரட்டினார். அலமாரியைத் திறந்து மூடினார். ஒன்றும் இல்லை என்று நான் சொல்லியும் கேட்கவில்லை.

விமான நிலையத்தில் லோஷினி எங்களுக்கு முன்பே வந்து நின்றிருந்தாள். வேலைக்கு லீவு போட்டுவிட்டு வந்திருந்தாள். தாத்தாவின் பையை வாங்கிக்கொண்டு, "அடுத்த வருசம் நாங்க நம்ம ஊருக்கு வர்றோம் தாத்தா" என்றாள். அவளுக்கே தெரியாமல்தான் அந்த 'நம்ம' வந்திருக்க வேண்டும். நான் அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் மாற்றிக்கொள்வாள் என்று பயம்.

"பயப்படாம போங்கப்பா. இந்தப் பக்கம் ஒன்றரை மணிதான்" என்றேன்.

"ஆமா, ஒன்றரைதான்" என்றார். "போயிட்டு வர்றேன் ஆத்தா."

கதவுக்குள் போனார். வரிசை வளைகிற இடத்தில் நின்று, தலைக்கு மேல் கையைத் தூக்கிக் காற்றில் இரண்டு தட்டுத் தட்டினார். அதற்கப்புறம் வேட்டி நுனி தெரிந்தது, பிறகு அதுவும் தெரியவில்லை.

வீட்டுக்கு வந்து சோறு வடித்தேன். ஸ்டூல் அவர் இழுத்துப்போட்ட இடத்திலேயே கிடந்தது, அதை எடுத்து ஓரமாக வைக்க மனசு வரவில்லை. இதற்கு முன் என் வீட்டில் அவர் இல்லாத இடம் என்று ஒன்று கிடையாது. அவர் எங்கேயுமே இருந்ததில்லையே. இப்போது ஸ்டூலில் இல்லை, வேலிப் பக்கம் இல்லை, குழாயடியில் இல்லை. வரவழைத்ததற்கு இதுதான் கூலி என்று நினைத்துக்கொண்டேன்.

பகல் ஒரு மணிக்குப் போன் அடித்தது.

"இறங்கிட்டேன் ஆத்தா. தம்பி வெளியில நிக்கிறான்."

"கடிகாரத்தைப் பாத்தீங்களாப்பா? ஒன்றரைதானே?"

அவர் சிரிக்கவில்லை.

"எல்லாரும் இறங்கினப்பறம் சீட்டுக்கடியில பாத்தேன். எதையோ விட்டுட்டு வந்த மாதிரியே இருந்துச்சு. திரும்பப் போயும் பாத்தேன். ஒண்ணுமில்ல."

அந்தப் பக்கம் டாக்சிக்காரர்கள் திண்டுக்கல், மதுரை என்று கூவும் சத்தம் கேட்டது. இத்தனை வருடம் அவர் என்னிடம் கேட்டதை, முதல் தடவையாக நான் கேட்டேன்.

"இன்னைக்கு எத்தனை கட்டைப்பா?"

"ரெண்டுதான் ஆத்தா" என்றார். "பக்கந்தான்."